ஆவணத்தைப் பொய்யாக்கியவர்களே ஆவணம் கேட்பதா?

தென் கொரியாவின் உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம், வெளிநாட்டுத் தத்துகள் பற்றிய விசாரணையை 2025 ஏப்ரலில் பாதியிலேயே நிறுத்திய முடிவு எவ்வகையிலும் ஏற்கத்தக்கதன்று. தம் பிறப்பைப் பற்றிய பதிவுகள் திரிக்கப்பட்டன என்று 367 பேர் முறையிட்டிருக்க, அவர்களுள் 56 பேரை மட்டுமே மனித உரிமை மீறலுக்கு உள்ளானவர்கள் என ஏற்ற ஆணையம், எஞ்சிய 311 பேரையும் தீர்ப்பின்றி வாசலிலேயே நிறுத்திவிட்டது.

இவர்களுள் 42 பேரின் முறையீடுகள் ஆணையத்தின் பரிசீலனைக்கு வந்தும், ஆவணம் போதவில்லை என்று தள்ளிவைக்கப்பட்டன. கொரியத் தத்து முறை செயல்பட்ட விதத்தை அறிந்தோர் இக்காரணத்தைக் கேட்டுக் கொதிக்காமல் இருக்க முடியாது. பெற்றோர் உயிரோடு இருந்த குழந்தைகளுக்கும் 'அனாதைப் பதிவேடு', அதாவது தாய் தந்தையர் பெயர் இடம்பெறாமல் குழந்தையை மட்டுமே உறுப்பினராகக் கொண்ட தனிக் குடும்பப் பதிவேடு, புதிதாக உருவாக்கப்பட்டது. அனாதை என்ற தகுதி இருந்தால்தான் அமெரிக்கக் குடியேற்றச் சட்டத்தின்கீழ் குழந்தையை எளிதில் அனுப்ப முடியும் என்பதே அதன் காரணம். வீட்டு முகவரி தெரிந்த பிள்ளையும் தெருவில் கண்டெடுக்கப்பட்டதாக எழுதப்பட்டது. அனுப்பவிருந்த குழந்தை இறந்துபோனாலோ, பெற்றோர் வந்து மீட்டுச் சென்றாலோ, அதன் பெயரிலும் தாள்களிலும் வேறொரு குழந்தை விமானம் ஏற்றப்பட்டது. இருபது வயதில் தேடத் தொடங்கிய ஒருவர், சியோலுக்கு வந்து தம் கோப்பைப் பிரித்துப் பார்த்தபின், அதிலுள்ள பெயரும் பிறந்த நாளும் தம்முடையவைதாமா என்றே ஐயுற நேர்கிறது. பெற்றோரைக் காட்டும் சான்றை அழித்தது ஒரு தரப்பு. அதைக் கொண்டுவரும் பொறுப்பு மட்டும் பறிகொடுத்தவர் தலையில் விழுந்திருக்கிறது. ஆவணம் இல்லாமையே இங்குக் குற்றத்தின் தடயம் என்பதை ஆணையம் உணர மறுத்தது பெருங்கொடுமை.

முடிவெடுக்கும் இடத்தில் இருப்போருக்கு இத்தகைய அலட்சியம் புதிதன்று. 1985ஆம் ஆண்டில் மட்டும் 8,800க்கும் மேற்பட்ட குழந்தைகள், அதாவது நாளொன்றுக்கு ஏறத்தாழ 24 பேர், நாட்டைவிட்டு அனுப்பப்பட்டபோது கண்காணிக்க வேண்டியவர்கள் தனியார் முகமைகளின் கையில் எல்லாவற்றையும் விட்டுவிட்டனர். 1998இல் தத்துப் பிள்ளைகளிடம் அரசுத் தலைமை மன்னிப்புக் கேட்டது. கோப்புகளோ 2025 ஜூலை வரை அதே முகமைகளின் அலமாரிகளில்தான் இருந்தன. வெளிநாட்டுத் தத்தை முறைப்படுத்தும் ஹேக் உடன்படிக்கையில் 2013இல் கையெழுத்திட்ட நாடு, அதை நடைமுறைப்படுத்தப் பன்னிரண்டு ஆண்டுகள் எடுத்துக்கொண்டது. கடைசியில் கோப்புகளை அரசு ஏற்றபோதும், அவற்றை வைக்கக் கிடைத்த இடம் கோயாங் நகரில் வாடகைக்கு எடுத்த ஒரு தற்காலிகக் கிடங்கு. மனிதர்களின் தாய் யார், தந்தை யார் என்று சொல்லக்கூடிய ஒரே தாள்களுக்கு அரசு தந்த மதிப்பு அவ்வளவுதான்! 2025 அக்டோபரில் மீண்டும் ஒரு மன்னிப்பு வந்தது. மன்னிப்பைத் தாளில் வாங்கி என்ன செய்வது என்று அந்த 311 பேரும் கேட்டால் பதில் சொல்வார் யார்?

எஞ்சிய முறையீடுகள் அனைத்தும், சான்றின்மையை மனுதாரருக்கு எதிராகக் கொள்ளாத ஓர் அணுகுமுறையுடன், தக்க அதிகாரம் பெற்ற அமைப்பால் காலம் தாழ்த்தாமல் விசாரிக்கப்பட வேண்டும். அன்று பிள்ளையைப் பறிகொடுத்த தாய்மார்களுள் பலர் இன்று எழுபதையும் எண்பதையும் கடந்த முதியவர்கள்.