பாவைப்பிள்ளை கற்பிக்கும் பாடம்

கிளிநொச்சிச் சந்தையிலும் வவுனியாக் கடைத்தெருவிலும் இன்று விற்கப்படும் பாவைப்பிள்ளைகளைப் பாருங்கள். பொன்னிறக் கூந்தல், கொடி போன்ற இடை, அளவுக்கு மீறி நீண்ட கால்கள். இவற்றுட் பல 'பார்பி' என்னும் அமெரிக்கப் பாவையின் சாயலிற் செய்யப்பட்டவை. "விளையாட்டுப் பொருள்தானே, இதனால் என்ன கேடு வந்துவிடும்?" என்பர் பெற்றோர் சிலர். "இது நம் பண்பாட்டுக்கே பகை" என்பர் வேறு சிலர். இவ்விரு கூற்றையும் சிறிது ஆராய்வோம்.

பார்பி 1959ஆம் ஆண்டு நியூயோர்க் நகரில் அறிமுகமாயிற்று. சிறுமியர் தாயாக மட்டுமன்றி, தாம் விரும்பும் எந்நிலையிலும் தம்மைக் கற்பனை செய்து விளையாட வேண்டும் என்பது அதனை உருவாக்கிய ரூத் ஹாண்ட்லர் அம்மையாரின் எண்ணம். நோக்கம் நல்லதே. ஆயினும் 1965இல் வந்த ஒரு பார்பியுடன், எப்பொழுதும் 110 இறாத்தலையே காட்டும் நிறைத் தராசும், உடல் மெலிய வழி கூறும் சிறு நூலும் சேர்த்து விற்கப்பட்டன. உணவை விடுவதே அந்நூல் கூறிய வழி! 2006இல் இங்கிலாந்தில் வெளியான ஆய்வொன்றில், பார்பியின் படங்களைக் கண்ட இளஞ்சிறுமியர் தம் உடலைக் குறைவாக மதித்தனர், மெலிந்திருக்கவும் விரும்பினர். ஆகவே பாவை ஒன்றுமே செய்யாது என்று கூறுவதற்கில்லை.

எனினும் பழி முழுவதையும் பாவையின்மேற் சுமத்தலாமா? பார்பி பிறப்பதற்கு முன்னரே, 1940ஆம் ஆண்டுகளில், கெனத் கிளார்க், மாமி கிளார்க் என்னும் கறுப்பின உளவியலறிஞர் இருவர், நிறத்தில் மட்டும் வேறுபட்ட பாவைகளைக் கறுப்பினக் குழந்தைகளிடம் காட்டினர். பெரும்பாலானோர் வெள்ளைப் பாவையையே நல்லது என்றனர். அவ்வெண்ணத்தை அவர்களுக்குப் புகட்டியது பாவையன்று. அவர்கள் வாழ்ந்த சமுதாயமே.

நம் வீடுகளிலோ? "தங்கச்சி வெள்ளை, மூத்தவள்தான் கறுப்பு" என்று பிள்ளைகளின் காது கேட்கப் பேசுகிறோம். பாவை சொல்லாமற் சொல்வதை நாம் வாய்விட்டே சொல்லிவிடுகிறோம்.

வன்னி மக்களாகிய நாம் எண்ண வேண்டியது மேலும் ஒன்றுண்டு. 2009இல் முடிந்த போரிற் கையையோ காலையோ இழந்தவர் நம் ஊர்களில் எத்தனை பேர்! அவர்தம் பிள்ளைகளும் அழகு என்பது யாதென்று கற்றே வளர்கின்றனர். 1997இல் சக்கர நாற்காலியில் அமர்ந்த பாவையொன்றைப் பார்பியின் தோழியாக வெளியிட்டனர். ஆனால் பார்பி மாளிகையின் மின்னுயர்த்திக்குள் அந்நாற்காலி நுழையவில்லை! 2019இலே செயற்கைக் காலுடைய பார்பியும் வந்தது. பாவை செய்வோரே மெல்ல மெல்லப் பாடம் கற்கின்றனர், நாம் கற்கலாகாதா?

தாய்மார்களே, பிள்ளை ஆசையோடு கேட்கும் பாவையைப் பறிக்க வேண்டியதில்லை. அதனோடு, பழைய சேலைத் துணியிற் கருங்கூந்தலும் மாநிறமும் கொண்ட இன்னொரு பாவையைப் பிள்ளையுடன் அமர்ந்து தைத்துக் கொடுங்கள். "மனிதர் எல்லோரும் இப்படியா இருக்கிறார்கள்?" என்று கேளுங்கள், அவள் கூறும் மறுமொழியைப் பொறுமையுடன் செவிமடுங்கள். எல்லாவற்றிற்கும் மேலாக, பிள்ளையின் நிறத்தையும் உருவத்தையும் பிறரோடு ஒப்பிட்டுப் பேசுவதை இன்றே நிறுத்துங்கள். பாவையின் பாடத்தைத் திருத்த வல்லது உங்கள் சொல்லே.