பவுடருக்குக் கணக்குண்டு, மூச்சுக்கு?

கிரைண்டர் உறையிலும் இரும்பு நாற்காலியிலும் பளபளக்கும் வண்ணம் இன்று பெரும்பாலும் பவுடர் கோட்டிங்தான். துப்பாக்கி மாவுபோன்ற பவுடருக்கு மின்னேற்றம் கொடுக்கிறது. கொக்கியில் தொங்கிவரும் இரும்பு அதை இழுத்துக் கொள்கிறது. சுமார் 200 டிகிரி அடுப்பில் உருகி இறுகுகிறது. ஒட்டாத பவுடரை உறிஞ்சி, சலித்து, மறுபடி தெளிக்கிறார்கள். ஒரு சிட்டிகை வீண்போனாலும் முதலாளி பொறுப்பதில்லை!

தெளிப்பவரின் நெஞ்சுக்குள் போகும் பவுடருக்கு எவர் கணக்கு வைப்பது? சிலவகைப் பாலியஸ்டர் பவுடரில் சேரும் டிஜிஐசி என்ற ரசாயனம் தோல் அரிப்பும் ஆஸ்துமாவும் தரக்கூடியது; மரபணுவையே கெடுக்கக்கூடும் என்று ஐரோப்பாவில் வகைப்படுத்தியுள்ளார்கள். அது சேராத பவுடர் சந்தையில் உண்டு. பல பட்டறைகளில் ஒப்பந்தத் தொழிலாளிக்குக் கிடைப்பதோ முகத்தில் கட்ட ஒரு கைக்குட்டை!

டிஜிஐசி இல்லாத பவுடர், பழுதற்ற உறிஞ்சு விசிறி, தூசியைத் தடுக்கும் முகமூடி ஆகியவற்றைச் சங்கம் கேட்கவேண்டும். பெட்டியில் அச்சிட்ட எச்சரிக்கையைத் தமிழில் எழுதி ஒட்டச் சொல்லுங்கள், தோழர்களே! உடம்பில் படிந்த பவுடரைக் காற்றுக்குழாயால் ஊதிவிடும் வழக்கமும் உடனே நிற்கவேண்டும்.