நாலு பேர் என்ன நினைப்பாங்க?

பாளையங்கோட்டையில் வீடு, ஜங்ஷன் பக்கம் ஆபீஸ். நடுவே தாமிரபரணி, சுலோசனா முதலியார் பாலம். மொத்தமே நாலைந்து கிலோமீட்டர்தான். டவுன் பஸ்ஸுக்கும் பஞ்சமில்லை. ஆனாலும் காலையில் உங்கள் கை பைக் சாவியைத்தான் தேடுகிறது. ஏன்?

"நேரம் மிச்சம்" என்பீர்கள். வண்ணார்பேட்டை நெரிசலில் புகையைச் சுவாசித்துக்கொண்டு நிற்கிறீர்களே, அந்த நேரத்தையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்!

நிஜக் காரணம் வேறு. ஒரு நாள் ஆபீஸுக்கு நடந்து போய்ப் பாருங்கள். எதிரே வருகிறவர் கேட்கும் முதல் கேள்வி, "என்ன அண்ணாச்சி, வண்டி ரிப்பேரா?" வண்டி இருக்கிறவர் நடந்தால் ஏதோ கஷ்டம் என்று ஒரு நினைப்பு. 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. அப்படியும், "ஓசி பஸ்ஸா?" என்று யாராவது கேட்டுவிடுவார்களோ என்ற கூச்சத்தில் ஸ்கூட்டரை எடுக்கும் பெண்கள் இல்லையா? அது ஓசி இல்லீங்க, நாம் கட்டும் வரி!

ஆக, எதில் போவது என்று முடிவு செய்வது தூரமும் அல்ல, காசும் அல்ல. நாலு பேர் என்ன நினைப்பார்கள் என்ற எண்ணம்தான். நாளைக்குச் சர்க்கரை வந்தால் அந்த நாலு பேரா மாத்திரை விழுங்கப்போகிறார்கள்?

லண்டன் மாடி பஸ் ஊழியர்களை ஆராய்ந்த டாக்டர் ஜெரி மோரிஸ், 1953-ல் ஒரு உண்மையை வெளியிட்டார். உட்கார்ந்தே ஓட்டிய டிரைவர்களைவிட, நாள் முழுக்கப் படி ஏறி இறங்கிய கண்டக்டர்களுக்கு இதய நோய் குறைவு! வாரத்துக்கு 150 நிமிஷமாவது மிதமான உடற்பயிற்சி தேவை என்கிறது உலக சுகாதார நிறுவனம். வீட்டிலிருந்து பஸ் ஸ்டாப்புக்கு 10 நிமிஷம், இறங்கி ஆபீஸுக்கு 5 நிமிஷம் விறுவிறுவென நடந்தால், போக வர அரை மணி. ஐந்தே நாளில் கணக்குச் சரி!

நைட் ஷிப்ட்காரர்கள், முழங்கால் வலிக்காரர்கள், பஸ் எட்டிப் பார்க்காத ஊர்க்காரர்கள்... இவர்களுக்கு வண்டி அவசியம்தான். வெயிலுக்கு நிழற்குடையும், நடக்க நல்ல நடைபாதையும் கேட்க நமக்கு உரிமை உண்டு. கேட்போம். ஆனால், அதுவரை காத்திருக்காமல், வாரம் இரண்டு நாளாவது சாவியை ஆணியில் மாட்டிவிட்டுக் கிளம்புங்கள்.

அப்பாவும் அம்மாவும் பஸ்ஸில் வேலைக்குப் போவதைப் பார்த்து வளரும் பிள்ளைக்கு, பஸ் கௌரவக் குறைச்சல் இல்லை என்று தனியாகப் பாடம் நடத்த வேண்டியதில்லை!