சித்தா சீட் ஆறுதல் பரிசு அல்ல!

நீட் ரிசல்ட் வந்த அன்று சாயங்காலம் மதுரையில் எந்தத் தெருவில் நடந்தாலும் காதில் விழுகிற வசனம் ஒன்று உண்டு. "எம்.பி.பி.எஸ். கிடைக்காது போலிருக்கே... சரி விடு, சித்தாவாவது போட்டு வை." பெரியப்பா சொல்வார். டியூஷன் வாத்தியார் சொல்வார். பையன் எந்த குரூப் படித்தான் என்றே தெரியாத எதிர்வீட்டு அக்காவும் சொல்வார்.

அந்த "ஆவது" இருக்கிறதே, அதுதான் இங்கே பிரச்சினை.

குழம்பு தீர்ந்துவிட்டால் "மோராவது ஊத்து" என்பதில் தப்பில்லை. ஒருவேளைச் சாப்பாட்டு விஷயம், மறுநாள் சரியாகிவிடும். பி.எஸ்.எம்.எஸ். அப்படியா? நாலரை வருடப் படிப்பு, ஒரு வருடப் பயிற்சி, ஆக மொத்தம் ஐந்தரை வருடம். பி.ஏ.எம்.எஸ்., பி.எச்.எம்.எஸ்., பி.யூ.எம்.எஸ்., பி.என்.ஒய்.எஸ். எல்லாவற்றுக்கும் இதே கணக்குதான். அது முடிந்ததும் எதிரே வந்து உட்காரப்போவது ஒரு நோயாளி. தனக்குப் பிடிக்காத, தானே நம்பாத ஒரு முறையில் அவருக்கு வைத்தியம் பார்க்க ஒருவரைத் தயார் செய்வதற்குப் பெயர் ஆறுதல் பரிசா?

வேடிக்கையைப் பாருங்கள். 2012ல் டெங்கு பரவியபோது அரசே நிலவேம்புக் குடிநீர் கொடுத்தது, ஊரே வரிசையில் நின்று வாங்கிக் குடித்தது. 2020ல் கொரோனா வந்தபோது கபசுரக் குடிநீர். நாட்டு மருந்துக் கடைகளில் பொட்டலம் கிடைக்காமல் அலைந்தார்கள். அந்த டம்ளரை வாங்கிக் குடித்த அதே அப்பா, மகள் "சித்தா எடுக்கிறேன்" என்றால் முகத்தைச் சுளிக்கிறார். கஷாயம் வேண்டும், கஷாயம் காய்ச்சத் தெரிந்த டாக்டர் மட்டும் அடுத்த வீட்டுப் பிள்ளையாக இருக்க வேண்டும்!

சரி, ஊர்க்காரர்களை மட்டும் திட்டிப் பயனில்லை. சேர்க்கை முறையே அப்படித்தான் இருக்கிறது.

பல ஆண்டுகளாகத் தமிழ்நாட்டில் இந்தப் படிப்புகளுக்கு பிளஸ் டூ மார்க்கை வைத்துத்தான் சீட் கொடுத்தார்கள். 2018-19 கல்வியாண்டிலிருந்து ஆயுஷ் படிப்புகளுக்கும் நீட் கட்டாயம் என்று மத்திய அரசு கொண்டுவந்தது. நீட்டில் 180 கேள்விகள். இயற்பியல் 45, வேதியியல் 45, உயிரியல் 90. இதில் சித்த மருத்துவம் பற்றி ஒரு கேள்வி உண்டா? கிடையாது. "ஏன் இந்தப் படிப்பு?" என்று யாராவது, எங்காவது, ஒரு தடவையாவது கேட்கிறார்களா? அதுவும் கிடையாது. 2025 நீட்டில் தகுதி மதிப்பெண் பொதுப்பிரிவுக்கு 144, ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 113. அதைத் தாண்டிய எல்லோரும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள். மேலே இருப்பவர் எம்.பி.பி.எஸ்., அடுத்தவர் பி.டி.எஸ்., மிச்சம் இருப்பவர் "இதாவது". தண்ணீர் பள்ளத்தைப் பார்த்து ஓடுகிற மாதிரி மாணவர்கள் ஓடுகிறார்கள். யாரும் தேர்ந்தெடுப்பதில்லை, விழுகிறார்கள்.

அமெரிக்காவிலும் இப்படி இரண்டாவது கதவு ஒன்று உண்டு. ஆஸ்டியோபதி என்று பெயர். 1892ல் ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில் என்பவர் மிசௌரி மாநிலத்தில் கிர்க்ஸ்வில் என்ற சின்ன ஊரில் முதல் கல்லூரியைத் தொடங்கினார். எலும்பு, மூட்டு, தசையைக் கையால் பிடித்துச் சரிசெய்வது அவர்களுடைய தனி அடையாளம். நம்மூர் வர்மமும் தொக்கணமும் படித்தவருக்கு இது ரொம்ப அந்நியமாகத் தெரியாது. படித்து முடித்தால் டி.ஓ. பட்டம். மற்றவர்களுக்கு எம்.டி. பட்டம். எம்.டி. கிடைக்காததால் டி.ஓ. போகிறவர்கள் அங்கேயும் உண்டு, மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அங்கே தனியாக விண்ணப்பிக்க வேண்டும், கட்டுரை எழுத வேண்டும், நேர்காணலில் "ஏன் ஆஸ்டியோபதி?" என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். டி.ஓ. மருத்துவர் ஒருவரின் பரிந்துரைக் கடிதம் கேட்கிற கல்லூரிகளும் இருக்கின்றன. பொய்யான பதில் சொல்பவர்கள் இருக்கலாம். பொய் சொல்வதற்காகவாவது ஒரு நாள் உட்கார்ந்து யோசித்திருப்பார்கள் அல்லவா?

1962ல் கலிஃபோர்னியாவில் அந்த முறையையே கிட்டத்தட்ட விழுங்கிவிட்டார்கள். 65 டாலர் கட்டினால் டி.ஓ. பட்டத்தை எம்.டி.யாக மாற்றிக்கொள்ளலாம் என்றார்கள், இருந்த ஆஸ்டியோபதி கல்லூரியும் எம்.டி. கல்லூரியாகிவிட்டது. பெரும்பாலானவர்கள் மாற்றிக்கொண்டார்கள். சிலர் மறுத்தார்கள். 1974ல் அந்த மாநில உச்ச நீதிமன்றம் டி.ஓ.க்களுக்கு மறுபடியும் உரிமம் வழங்க வழிசெய்தது. 2020க்குள் இரண்டு பட்டக்காரர்களுக்கும் முதுநிலைப் பயிற்சி ஒரே அமைப்பின் கீழ் வந்துவிட்டது. அந்த முறை பிழைத்தது எதனால்? "எனக்கு இதுதான் வேண்டும்" என்று சொன்ன சிலரால். "இதாவது கிடைத்ததே" என்றவர்கள் 65 டாலரோடு கிளம்பிப் போய்விட்டார்கள்.

இப்போது நம்மூருக்கு வருவோம். தோப்பூர் எய்ம்ஸ் பற்றி மதுரையில் யாரைக் கேட்டாலும் அரை மணி நேரம் பேசுவார்கள். 2019ல் அடிக்கல் நாட்டியது, 2022ல் முதல் 50 மாணவர்கள் ராமநாதபுரத்தில் வகுப்பைத் தொடங்கியது எல்லாம் அத்துப்படி. அதற்குப் பக்கத்திலேயே இருக்கிற திருமங்கலத்தில், 1975லிருந்து ஓர் அரசு ஹோமியோபதி மருத்துவக் கல்லூரி ஓடிக்கொண்டிருக்கிறது என்றால் "அப்படியா?" என்பார்கள். பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரி 1964ல் தொடங்கியது. பஸ் ஏறினால் மதுரையிலிருந்து ஒரு காலைப்பொழுதில் போய்ச் சேர்ந்துவிடலாம். சித்தா சீட் கேட்டு விண்ணப்பம் போடுகிறவர்களில் எத்தனை பேர் அதற்கு முன் ஒரு தடவை அங்கே போய்ப் பார்த்திருப்பார்கள்? ஒரு செல்போன் வாங்க நாலு கடை ஏறி இறங்குகிற ஊர் இது!

ஆகவே விண்ணப்பிக்கிறவர்கள் கவனிக்க வேண்டிய சில விஷயங்கள்:

1. கதவு ஒன்றல்ல, நான்கு. எம்.பி.பி.எஸ்., பி.டி.எஸ்.க்குப் போட்ட விண்ணப்பம் சித்தாவுக்குச் செல்லாது. அது மருத்துவக் கல்வி இயக்ககத்தின் வேலை. சித்தா, ஆயுர்வேதம், யுனானி, ஹோமியோபதிக்கு சென்னை அரும்பாக்கத்தில் இருக்கும் இந்திய மருத்துவம் மற்றும் ஹோமியோபதி இயக்ககம் தனியாக அறிவிப்பு விடும். அரசுக் கல்லூரிகளில் அகில இந்திய ஒதுக்கீட்டுக்குப் போகும் 15 சதவீத இடங்களுக்கு மத்திய ஆயுஷ் கலந்தாய்வுக் குழு தனி. நான்காவது, இயற்கை மருத்துவமும் யோகாவும் சேர்ந்த பி.என்.ஒய்.எஸ். இதற்குத் தமிழ்நாட்டில் நீட் இல்லை, பிளஸ் டூ மார்க்தான். "ஒரு தடவை போட்டாச்சே" என்று வீட்டில் உட்கார்ந்து கோட்டை விட்டவர்கள் ஒவ்வொரு வருடமும் இருக்கிறார்கள்.

2. அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை படித்தவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020ல் சட்டமானது. அது எம்.பி.பி.எஸ்.க்கு மட்டும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். சித்தா, ஆயுர்வேதம், யுனானி, ஹோமியோபதிக்கும் உண்டு. ஆறாம் வகுப்பிலிருந்து எங்கே படித்தார் என்பதற்கான சான்றைப் பள்ளியில் கேட்டு வாங்குவதற்கே நாளாகும். சாதிச் சான்று, இருப்பிடச் சான்று, முதல் பட்டதாரி சான்று எல்லாம் ரிசல்ட்டுக்கு முன்பே கையில் இருக்க வேண்டும். கடைசி நாளில் இ-சேவை மையத்தில் சர்வர் மீது பழி போட்டுப் புண்ணியமில்லை.

3. பாடங்களின் பட்டியலையாவது வாசிக்க வேண்டும். சித்தாவில் உடற்கூறு, உடலியங்கியல் எல்லாம் உண்டு. அதோடு குணபாடம் உண்டு, நோய் நாடல் உண்டு. நாடி, ஸ்பரிசம், நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம் என்ற எண்வகைத் தேர்வு உண்டு. உள்மருந்து 32, வெளிமருந்து 32. மூல நூல்கள் செய்யுள் வடிவத் தமிழ். பள்ளியில் தமிழ் படிக்காமல் வருகிறவர் முதலாண்டில் தமிழையும் ஒரு பாடமாகப் படித்தாக வேண்டும். தமிழ் என்றாலே தலைவலி என்கிறவர் இதை முன்கூட்டியே தெரிந்துகொள்வது எல்லோருக்கும் நல்லது.

4. தனியார் கல்லூரி என்றால், அந்தக் கல்விஆண்டுக்கு அனுமதி இருக்கிறதா என்று பார்ப்பது முதல் வேலை. சித்தா, ஆயுர்வேதம், யுனானிக்கு தேசிய இந்திய மருத்துவ முறை ஆணையம். ஹோமியோபதிக்கு தேசிய ஹோமியோபதி ஆணையம். இரண்டுமே 2020 சட்டங்களால் வந்தவை. "எல்லாம் வந்துடும் சார், முன்பணம் கட்டுங்க" என்கிற குரல் கேட்டால் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவது உத்தமம்.

5. மறுபக்கத்தையும் படிக்க வேண்டும். இதை யாரும் சொல்வதில்லை. ஹோமியோபதி எந்த நோயைக் குணமாக்குகிறது என்பதற்கும் நம்பகமான சான்று இல்லை என்று ஆஸ்திரேலியாவின் தேசிய மருத்துவ ஆராய்ச்சி மன்றம் 2015ல் அறிக்கை கொடுத்தது. இங்கிலாந்தின் தேசிய சுகாதாரச் சேவை 2017ல் அதை மருந்துச் சீட்டில் எழுத வேண்டாம் என்று பரிந்துரைத்தது. சித்தாவில் பாதரசம், கந்தகம், உலோகங்கள் சேரும் மருந்துகளின் பாதுகாப்பு பற்றிய கேள்விகள் இருக்கின்றன. இவற்றைப் படித்த பிறகும் "இதைக் கற்க வேண்டும், சோதித்துப் பார்க்க வேண்டும்" என்று தோன்றுகிறவர் தாராளமாக வரட்டும். படித்துவிட்டு மனம் மாறினால் அதுவும் லாபம்தான், ஐந்தரை வருடம் மிச்சம். கேள்வியே தெரியாமல் சேருகிறவர்தான் ஆபத்து. முதல் நோயாளி கேட்கும்போது அவர் ஒன்று கோபப்படுவார், இல்லாவிட்டால் பொய் சொல்வார்.

6. ஒரே ஒரு நாள் புறநோயாளிப் பிரிவில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். அரசு மருத்துவமனைகளிலும் பல ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் சித்தா பிரிவு இருக்கிறது. மூட்டுவலியோடு மேலூரிலிருந்தும் உசிலம்பட்டியிலிருந்தும் வருகிற வயதானவர்கள் என்ன கேட்கிறார்கள், அந்த டாக்டர் எதைத் தானே பார்க்கிறார், எதை "உடனே பெரிய டாக்டரிடம் போங்க" என்று அனுப்புகிறார் என்று கவனிக்க வேண்டும். தன் எல்லை எது என்று தெரிந்த டாக்டர்தான் நல்ல டாக்டர். பத்து கோச்சிங் விளம்பரத்தில் கிடைக்காத விவரம் அந்த ஒரு நாளில் கிடைக்கும்.

இதற்கு ஒரு பதில் வரும். "வசதி இருக்கிறவன் தேர்ந்தெடுப்பான், எங்க பிள்ளைக்குக் கிடைச்சதே பெரிசு. வீட்டுல முதல் டாக்டர்!" நியாயமான பேச்சு. செங்கல் சூளையிலும் வயலிலும் கிடந்து படிக்கவைத்த அம்மாவிடம் போய் "உங்கள் பிள்ளைக்கு ஆர்வம் இருக்கிறதா?" என்று கேட்பது திமிராகத்தான் தெரியும். ஆனால் தப்பான சீட்டால் அதிகம் நஷ்டப்படப் போவதும் அந்த அம்மாதானே? பணக்கார வீட்டுப் பையன் இரண்டாவது வருடம் வெளியே வந்து வேறு படிப்பில் சேர்ந்துவிடுவான். கடன் வாங்கியவரின் பிள்ளையால் அது முடியாது. "இவ்வளவு செலவு பண்ணியாச்சே" என்று மிச்ச வருடங்களையும் அதே கிணற்றில் போடுவார்கள். போன பணத்தைப் பார்த்து அடுத்த முடிவை எடுக்காதே என்று பி.காம். புத்தகத்தில் படித்துப் பரீட்சை எழுதுவது சுலபம், வீட்டில் சொல்வதுதான் கஷ்டம். அதனால்தான் விசாரிப்பு பணம் கட்டுவதற்கு முன்பே நடக்க வேண்டும். வசதி இல்லாதவருக்குத்தான் அது இன்னும் அவசியம். பாளையங்கோட்டைக்கு ஒரு பஸ் டிக்கெட் ஐந்தரை வருடத்தைவிட மலிவு.

அரசு செய்யக்கூடியதும் பெரிய விஷயமில்லை. கவுன்சிலிங்குக்கு முன் ஒரு வாரம், ஒவ்வொரு அரசு ஆயுஷ் கல்லூரியும் விண்ணப்பதாரர்களுக்காகக் கதவைத் திறந்து வைக்கட்டும். இறுதியாண்டு மாணவர்கள் உட்கார்ந்து உண்மையைச் சொல்லட்டும். எம்.டி. படிக்க எத்தனை இடம், மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் கடைசியாக எப்போது சித்தா டாக்டர்களை எடுத்தது, எத்தனை பேர் காத்திருக்கிறார்கள் என்று பலகையில் எழுதிப் போடட்டும். விண்ணப்பத்தில் "ஏன் இந்தப் படிப்பு?" என்று அரைப் பக்கம் இடம் விடட்டும். அதற்கு மார்க் வேண்டாம். மார்க் போட்டால் அதற்கும் ஒரு கோச்சிங் சென்டர் மாட்டுத்தாவணியில் முளைத்துவிடும் :-) எழுதுகிறவர் தனக்காக எழுதட்டும், போதும்.

மனசார சித்தா படிக்க ஆசைப்படுகிற பெண்ணும் பையனும் இந்த ஊரில் இருக்கிறார்கள். நல்ல மார்க் வாங்கிவிட்டு சித்தா கேட்டால் "பைத்தியமா உனக்கு?" என்கிறார்கள். குறைந்த மார்க் வாங்கிவிட்டு சித்தா கேட்டால் "வேற வழியில்லாம போறான்" என்கிறார்கள். ஆக, விரும்பிப் போகிறவருக்கு இங்கே பெயரே இல்லை. ஒரு மருத்துவ முறையை அழிக்க எதிரி வேண்டாம். அதை விரும்பாதவர்களை மட்டும் வருடா வருடம் உள்ளே அனுப்பிக்கொண்டிருந்தால் போதும்.

பி.கு: விதிகளும் தேதிகளும் வருடத்துக்கு வருடம் மாறும். அந்தந்த ஆண்டின் விளக்கக் குறிப்பேட்டை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை வாசிக்கவும். ஒரு இடத்தில் சேர்ந்துவிட்டு விலகினால் என்ன ஆகும் என்ற பகுதியை இரண்டு தடவை வாசிக்கவும். பக்கத்து வீட்டு அண்ணன் சொன்னது போன வருடத்து விதி!