வேலிக்கு வெளியே நிற்கும் பேருந்து

பிரிக்பீல்ட்ஸிலிருந்து கிள்ளானுக்குச் செல்ல மகிழுந்து தேவையில்லை. கேஎல் சென்ட்ரலில் கொமுட்டர் ஏறினால் போதும். இரயில் எப்போது வரும் என்பது வேறு விஷயம். அதற்குத் தனிக் கட்டுரை எழுத வேண்டும். ஆனால் தடம் இருக்கிறது. அதுவும் இன்று நேற்றுப் போட்ட தடமல்ல. 1886-இல் கோலாலம்பூரிலிருந்து புக்கிட் கூடா வரை இரயில் ஓடத் தொடங்கியது. 1890-இல் ஆற்றைக் கடந்து கிள்ளான் நகரை எட்டியது. 1901-இல் போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகம் திறக்கப்பட்டது. கப்பலிலிருந்து அங்கே இறங்கிய நம் முன்னோர் எத்தனையோ பேர் அந்தத் தண்டவாளத்தை ஒட்டித்தான் இந்த மண்ணுக்குள் நுழைந்தார்கள்.

கேள்வி எழுவது கிள்ளான் நிலையத்தில் இறங்கிய பிறகுதான். தெங்கு கிளானா சாலையில் பூ வாங்கலாம், தோசை சாப்பிடலாம், சேலைக் கடைகளைப் பார்த்துக்கொண்டே நடக்கலாம். ஆனால் தாத்தா பால்மரம் வெட்டிய தோட்டத்தைப் பார்க்க வேண்டும் என்று ஒரு மாணவன் நினைத்தால்? அப்போது யாராவது ஒருவர் கேட்பார்: "யார்கிட்ட காடி இருக்கு?" ஒருவரிடமும் இல்லையென்றால் பயணம் அத்துடன் முடிந்தது. இந்நாட்டில் பதிவுபெற்ற வாகனங்களின் எண்ணிக்கை மக்கள்தொகையையே மிஞ்சிவிட்டது என்று சொல்லிக்கொள்கிறோம். அப்படியிருந்தும் நம் பேரவையில் பத்துப் பேர் கூடினால் ஓட்டத்தெரிந்த இருவரும் அப்பாவிடம் கேட்டு வாங்கவேண்டிய ஒரு வண்டியும்தான் தேறும்.

இந்தச் சிக்கல் நமக்கு மட்டும் உரியதா? இத்தாலியின் நாட்டுப்புறத்தில் திராட்சைத் தோட்டங்களையும் ஒயின் பண்ணைகளையும் பார்க்கப் போகிறவர்களுக்கும் இதே கவலைதான். மகிழுந்து வாடகைக்கு எடுக்காமல் போக முடியுமா? முடிகிறது. ஃபுளோரன்ஸ் நகரிலிருந்து கியாந்தி மலைப்பகுதியில் உள்ள கிரேவே என்னும் சிற்றூருக்குப் பேருந்து ஓடுகிறது. வெனிசுக்கு வடக்கே கொனெலியானோ நிலையத்தில் இரயிலை விட்டு இறங்கினால், 2019-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த புரோசெக்கோ குன்றுகள் அருகிலேயே தொடங்குகின்றன. உழவர்கள் தங்கள் பண்ணையிலேயே விருந்தினரைத் தங்கவைத்து உணவு பரிமாறுவதற்கு 1985-இலேயே அங்குத் தனிச் சட்டம் வந்துவிட்டது. அங்கும் கடைசி சில கிலோமீட்டர் தொல்லைதான். ஞாயிற்றுக்கிழமைப் பேருந்தை நம்பிப் போனால் வெயிலில் நிற்க வேண்டியதுதான். இருந்தாலும் ஊர் வரைக்கும் போய்ச் சேர்ந்துவிடலாம்.

ஏன் அங்கு முடிகிறது, இங்கு முடியவில்லை? பணக்கார நாடு என்று பதில் சொல்வது எளிது. எனக்கு அது சரியான பதிலாகப் படவில்லை. அங்கே முதலில் ஊர் இருந்தது. திராட்சைத் தோட்டம் அதைச் சுற்றி வளர்ந்தது. ஊருக்குச் சாலை உண்டு, சாலைக்குப் பேருந்து உண்டு. தோட்டத்தில் வேலை செய்தவரும் அந்த ஊர்க்காரர். இங்கே முதலில் தோட்டம், பிறகுதான் மக்கள். லயமும் கோயிலும் பள்ளியும் கள்ளுக்கடையும் ஒரே முதலாளியின் வேலிக்குள் எழும்பின. சுடுகாடும் அதே வேலிக்குள்தான். அந்தச் சாலை பொதுச்சாலை அன்று. பெரிய துரையின் பங்களாவுக்கும் ரப்பர் ஆலைக்கும் போடப்பட்ட சாலை. ஆகவே பேருந்து பெரிய சாலையோடு நின்றது. இன்றும் பெரும்பாலும் அங்கேதான் நிற்கிறது.

இதை வெறும் போக்குவரத்துப் பிரச்சினையாக நான் பார்க்காததற்கு ஒரு காரணம் உண்டு. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நம்மவர்கள் நடத்திய வேலைநிறுத்தத்தைப் பற்றிப் படித்திருப்பீர்கள். கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கம் முன்னின்றது, ஆர்.எச். நாதன் தலைமை தாங்கினார். மே மாதம் அவர் கைதானார், பிறகு நாடு கடத்தப்பட்டார். வேலைநிறுத்தம் பரவியது, படை இறக்கப்பட்டது, துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின, சிலாங்கூரில் அவசரகாலம் பிரகடனம் செய்யப்பட்டது. சீனத் தொழிலாளிக்குக் கிடைத்த சம்பளம் தமிழனுக்கும் வேண்டும் என்பது எல்லாரும் நினைவு வைத்திருக்கும் கோரிக்கை. பட்டியலில் இன்னும் இரண்டு உண்டு. உற்றார் உறவினரும் நண்பர்களும் தடையின்றித் தோட்டத்துக்குள் வந்துபோக வேண்டும் என்பது ஒன்று. துரைமார் முன்னாலும் கிராணிமார் முன்னாலும் தொழிலாளி மிதிவண்டியில் ஏறிச் செல்ல அனுமதி வேண்டும் என்பது மற்றொன்று. ஆம், துரை எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்க வேண்டிய காலம் அது. தோட்டத்துக்குள் யார் வரலாம், எதில் ஏறி வரலாம் என்பதற்காகவும் நம் பாட்டன்மார் போராடியிருக்கிறார்கள்.

அதே பட்டியலில் கள்ளுக்கடைகளை மூடு என்றும் ஒரு கோரிக்கை இருந்தது. ஒயினைச் சுவைப்பதற்காக உலகமே இத்தாலிக்குப் போகிறது. அந்த உழவனுக்கு அவன் பானம் பெருமை. தென்னங்கள்ளும் இறக்கத் தெரிந்தவன் கைத்திறன்தான். ஆனால் நம் தோட்டங்களில் அது கூலியை வந்த வழியே திருப்பி வாங்கிக்கொள்ளும் கடையாக நின்றது. ஆகவே கள்ளுக்கடை இருந்த இடத்தை யாரும் சுற்றுலாத் தலமாக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அது எங்கே இருந்தது என்று காட்டுவதற்கு ஆள் இருக்கும்போதே போய்ப் பார்த்துவிட வேண்டும் என்று சொல்கிறேன்.

ஏனென்றால் காட்டக்கூடியவர்கள் குறைந்து வருகிறார்கள். என் பாட்டி காப்பார் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்து, மணமுடித்து, ஓய்வு பெற்றவர். இப்போது கிள்ளானில் மலிவு விலை அடுக்குமாடியில் மூன்றாவது மாடி. அம்மன் கோயில் மட்டும் இன்னும் தோட்டத்தில் இருக்கிறது. ஆண்டுத் திருவிழாவுக்குப் போக மாமா வண்டி ஓய்வாக இருக்க வேண்டும். ஒருமுறை அவரால் வர முடியாமல் போனபோது, செயலியில் வாடகை வண்டி அழைத்துப் போனோம். போகும்போது வண்டி கிடைத்தது. திரும்பும்போது எத்தனை முறை அழுத்தியும் ஒருவரும் வரவில்லை. செம்பனைக்குள் யார் வருவார்? கோயில் பூசாரியின் மகன் மோட்டார் சைக்கிளில் ஒவ்வொருவராகப் பெரிய சாலைக்குக் கொண்டுவந்து விட்டார். எழுபத்தெட்டு வயதுப் பாட்டி பின்னால் உட்கார்ந்து, "அந்தக் காலத்துல லோரியில போனோம், அதுக்கு இது தேவல" என்றார். எங்களுக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த ஆண்டு பாட்டி போகவில்லை.

இளையவர்களுக்கும் இந்தத் தொல்லை உண்டு. 1957-இல் நாட்டில் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று 530 அளவில்தான் உள்ளன. எஞ்சியவற்றில் பல இன்னும் தோட்டத்துச் சாலையின் கோடியில் இருக்கின்றன. கல்வித் துறையில் பயிலும் நண்பர்களைக் கேட்டுப்பாருங்கள். அப்படி ஒரு பள்ளியில் பயிற்றுப்பணி கிடைத்தால் முதலில் தேடுவது பாடநூலையன்று, வண்டியைத்தான்.

பேருந்தோ இரயிலோ வந்தால் மட்டும் என்ன மாறிவிடும் என்று கேட்பவர்கள் பத்துமலையைப் பார்க்கட்டும். 2010-இல் கொமுட்டர் அங்கே சென்ற பிறகு, கையில் பிரம்போடு வரும் தாத்தாவும் தனியாக வரும் மாணவியும் யாரையும் கெஞ்சாமல் முருகனைப் பார்த்துவிட்டு வீடு திரும்புகிறார்கள். கிள்ளானிலிருந்து கோல சிலாங்கூருக்கும் உலகப் போருக்கு முந்திய காலத்தில் ஓர் இரயில் கிளைப்பாதை இருந்தது. ரப்பரை ஏற்றிவர இரயில் விடுவது அன்று முடிந்திருக்கிறது. மனிதரை ஏற்றிவரச் சிறிய வேன் விடுவது இன்று முடியாதா?

கோல சிலாங்கூரில் மின்மினிப்பூச்சி பார்க்க வழிகாட்டும் பலகைகள் உள்ளன. மகிழ்ச்சி. அதே வட்டாரத்தில் பெஸ்தாரி ஜெயா பக்கம் தென்னமரம் தோட்டம் இருக்கிறது. பெயரிலேயே தமிழ் ஒலிக்கிறது அல்லவா? ஆன்றி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர் 1917-இல் இந்நாட்டின் முதல் வணிகச் செம்பனையை நட்டது அங்கேதான். கோன்யாக் பிராந்திக்குப் பேர்போன வட்டாரத்தில் பிறந்தவர் அவர். மலாயா வாழ்க்கையை வைத்து எழுதிய நாவலுக்கு 1930-இல் பிரான்சின் கோன்கூர் பரிசு பெற்றார். நாட்டையே மாற்றிய ஒரு பயிர் தொடங்கிய இடம் அது. இத்தாலியில் இப்படி ஓர் இடம் இருந்திருந்தால், நிலையத்திலிருந்து நடந்துபோக வரைபடம் அச்சடித்துக் கையில் கொடுத்திருப்பார்கள்.

தோட்டம் தனியார் சொத்து, செம்பனைக் குலைத் திருட்டு நடக்கிறது, ஜாகா கேள்வி கேட்கத்தான் செய்வார் என்பார்கள். உண்மைதான். திராட்சைத் தோட்டமும் தனியார் சொத்துதான். முன்கூட்டியே எழுதிக் கேட்டு, நேரம் குறித்துக்கொண்டு போகிறார்கள். இங்கும் அப்படிச் செய்யலாம். நம் பேரவைக்குக் கடிதம் எழுதத் தெரியாதா? ஆண்டுக்கு எத்தனை மண்டபங்களுக்கு எழுதுகிறோம்!

ஆகவே செயலவையினருக்கு என் வேண்டுகோள். அடுத்த தவணையில் குளிர்சாதனப் பேருந்து வாடகைக்கு எடுக்க வேண்டாம். அதில் ஏறினால் வழி முழுதும் தூங்கி, இறங்கிப் படமெடுத்து, மீண்டும் தூங்குவோம். கேஎல் சென்ட்ரலில் காலை ஏழு மணிக்குக் கூடுவோம். கிள்ளான்வரை கொமுட்டர், அங்கிருந்து காப்பார் சாலையில் ஓடும் பேருந்து, பிறகு வேலிவரை நடை. எத்தனை நிமிடம் காத்திருந்தோம், எங்கே நடைபாதை இல்லை, எந்தக் கோயிலுக்கும் எந்தப் பள்ளிக்கும் எவ்வளவு தூரம் என்று குறித்துக்கொள்வோம். 2015 முதல் இலவசப் பேருந்து விடும் சிலாங்கூர் அரசுக்கு அந்தக் குறிப்பை அனுப்புவோம். திருவிழா நாள்களிலாவது தோட்டத்துக் கோயில்வரை ஒரு வேன் விடச் சொல்லிக் கேட்போம்.

முன்னாள் மாணவர்கள் இதைப் படித்துவிட்டு, "தம்பி, நான் வண்டியில் கூட்டிப்போகிறேனே" என்று அழைக்கக்கூடும். நன்றி அண்ணா. அந்த ஒரு நாள் மட்டும் வண்டியை வீட்டில் விட்டுவிட்டு எங்களோடு வாருங்கள். உங்கள் தோட்டத்துக்கு எந்த முச்சந்தியில் இறங்க வேண்டும் என்பது உங்களுக்குத்தானே தெரியும்.