பழைய கம்ப்யூட்டர்களும் கரியாலூர்ப் பிள்ளைகளும்

நன்றாய் ஓடக்கூடிய கம்ப்யூட்டர்கள் பல இன்று காரியாலயங்களிலிருந்து கழிக்கப்படுகின்றன. விண்டோஸ் 10-க்கு மைக்ரோஸாப்ட் கம்பெனியார் அளித்துவந்த பொதுவான ஆதரவு 2025-ம் வருஷம் அக்டோபர் 14-ந் தேதியோடு நின்றது. பழைய யந்திரங்கள் பலவற்றை விண்டோஸ் 11 ஏற்பதில்லை. இவற்றை ஏலத்துக்கு அனுப்புமுன் கள்ளக்குறிச்சி ஜில்லா அதிகாரிகள் கல்வராயன் மலையைச் சற்று நினைக்க வேண்டுமென்பது நமது அபிப்பிராயம்.

பாடப் புத்தகங்களும், தமிழ் விக்கிபீடியாவும், கல்வித் தொலைக்காட்சிப் பாடங்களும் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. ஆனால் கரியாலூரைச் சுற்றியுள்ள மலைக் கிராமங்களில் செல்போன் சமிக்ஞையே கிடைக்காத இடத்துப் பிள்ளைக்கு அந்த இலவசத்தால் என்ன பிரயோஜனம்? பள்ளியில் ஒரு பழைய கம்ப்யூட்டரைப் பொதுச் சேமிப்பு யந்திரமாக மாற்றி இவற்றை நிரப்பி வைத்தால், வெளி இணையம் அறுந்த நாளிலும் வகுப்பு முழுவதும் பள்ளிக்குள்ளேயே எடுத்துப் படிக்கலாம். இதற்கான 'ஓபன்மீடியாவால்ட்' மென்பொருள் லினக்ஸைச் சார்ந்தது, விலையில்லாதது, விண்டோஸ் 11 தள்ளிய யந்திரத்தை அது தள்ளுவதில்லை.

செலவே இல்லையென்று நாம் சொல்லவில்லை. 50 வாட் இழுக்கும் யந்திரம் இரவு பகலாய் ஓடினால் வருஷத்துக்கு 438 யூனிட் தின்றுவிடும். பள்ளி நேரத்தில் மட்டும் ஓட்டுவதே புத்தி. பழைய ஹார்ட் டிஸ்க்கை நம்புவதும் கூடாது. அது எந்நேரமும் கைவிடும். தவிர, அதில் ஊரார் விவரங்கள் கிடக்கும். அதைக் கழற்றிவிட்டுப் புதிதாய் இரண்டு வாங்கி, ஒன்றில் உள்ளதை மற்றதில் நகலாக வைக்க வேண்டும். மடிக்கணினியானால் மின்சாரம் குறைவு, மின்தடையையும் சிறிது நேரம் தாங்கும். ஆனால் பாட்டரி உப்பியிருந்தால் தொடவே கூடாது.

'மலைவாசிகளுக்கு மட்டும் கழித்ததா?' என்று சிலர் கேட்பர். கேள்வி நியாயமானதே. புதுக் கம்ப்யூட்டரும் செல்போன் கோபுரமும் அவர்களுக்கு உரியவை. இந்த ஏற்பாட்டைச் சாக்கிட்டு அவற்றைத் தள்ளிப்போட்டால் முதலில் எதிர்ப்பவர் நாமாகவே இருப்போம். கோபுரம் வரும்வரை பிள்ளைகளின் வருஷங்கள் காத்திருக்குமா என்பதே நமது கவலை.

பழைய யந்திரங்களைச் செப்பனிட்டு மீண்டும் உபயோகிப்பதற்கு 2023 ஏப்ரல் முதல் அமலிலுள்ள மின்னணுக் கழிவு விதிகளே இடம் தருகின்றன. ஏலத்தில் வரும் சொற்பத் தொகையை விட்டுக்கொடுக்கத்தான் உத்தரவு வேண்டும். கலெக்டர் அதைப் பிறப்பித்து, ஜூனில் பள்ளி திறக்குமுன் கரியாலூரில் முதல் யந்திரத்தை வைக்கும்படி வேண்டிக்கொள்கிறோம்.