பரந்தூரில் எது பசுமை?

சென்னைக்கு இரண்டாவது விமான நிலையம் வேண்டும் என்பதில் நமக்கு அபிப்பிராய பேதம் இல்லை. மீனம்பாக்கத்தில் நெருக்கடி மிகுந்துவிட்டது என்பதைப் பிரயாணிகள் அனைவரும் அறிவர். 2022-ம் வருஷம் ஆகஸ்டு மாதம் பரந்தூரை இடமாகக் குறித்தார்கள். வேண்டிய நிலம் சுமார் 5,746 ஏக்கர். அதில் ஏறக்குறைய 3,774 ஏக்கர் குடிகளின் பட்டா நிலம். 2025 ஏப்ரலில் மத்திய சர்க்காரும் கொள்கையளவில் சம்மதம் அளித்தது.

இக்காலத்தில் விமான நிலையம் கட்டுவோர் யாவரும் பசுமைக் கட்டடம் என்றே பேசுகிறார்கள். கூரையில் சூரிய மின்தகடுகள், மழைநீர்த் தொட்டி, சுத்திகரித்த கழிவுநீரில் தோட்டம்: எல்லாம் நல்லவையே. ஆனால் கொச்சியை நினைத்துப் பார்க்கவேண்டும். உலகிலேயே முற்றிலும் சூரிய சக்தியால் நடக்கும் முதல் விமான நிலையம் என்று 2015-ல் பெயரெடுத்தது அது. 2018 ஆகஸ்டில் பெரியாறு பெருகியபோது அதே நிலையம் நீரில் முழுகி, ஏறக்குறைய இரண்டு வாரம் மூடிக் கிடந்தது. வெள்ளம் மின்தகட்டைப் பார்த்து வழிவிலகிப் போகவில்லை!

அவ்வளவு தூரம் போவானேன்? பூந்தமல்லியைத் தாண்டியதும் செம்பரம்பாக்கம் ஏரி. 2015 டிசம்பரில் அதன் உபரி நீரும், மற்ற ஏரிகளின் வெள்ளமும் அடையாற்றில் ஒன்றுசேர்ந்து மீனம்பாக்கத்து ஓடுபாதையை மூழ்கடித்தன. அந்த ஓடுபாதைகளில் ஒன்றோ அடையாற்றின் மேலேயே பாலமிட்டு நீட்டப்பட்டது. இப்பொழுது குறித்திருக்கும் பரந்தூர் நிலத்தின் ஊடே செல்லுவது கம்பன் கால்வாய். வழியிலுள்ள ஏரிகளை நிரப்பிக்கொண்டு ஸ்ரீபெரும்புதூருக்கும், அங்கிருந்து செம்பரம்பாக்கத்துக்கும் நீரைச் சேர்க்கும் தொடர் அது. ஐப்பசி, கார்த்திகையில் ஒரே மூச்சாய்ப் பெய்யும் மழையை ஒவ்வொரு ஏரியும் தாங்கி, கலங்கல் வழிய வழிய அடுத்த ஏரிக்குக் கைமாற்றிவிடும். நடுவில் சில ஏரிகளைத் தூர்த்தால், அத்தனை நீரும் தங்க இடமின்றி ஒருசேரக் கீழே ஓடிவரும். பரந்தூரில் செய்வதன் பலனைக் குன்றத்தூரும் பூந்தமல்லியும் மீனம்பாக்கமும் அனுபவிக்க நேரும்.

மாற்றுக் கால்வாய் வெட்டிவிடலாம் என்பார் சிலர். கால்வாயை நகர்த்தலாம்; நிலத்தின் சரிவை நகர்த்த முடியுமா? ஏரியை நம்பிய கிணறுகளையும் ஆயக்கட்டையும் எங்கே கொண்டுபோய் வைப்பது? இதைத்தான் ஏகனாபுரத்து ஜனங்கள் 2022 முதல் சொல்லி வந்தார்கள். கிராம சபையில் தீர்மானத்தின் மேல் தீர்மானமாக நிறைவேற்றினார்கள். குடிகளின் சபைத் தீர்மானம் குப்பைக் காகிதம் என்றால் சுயராஜ்யத்தில் கிராம சபை எதற்கு?

மச்சேந்திரநாதன் தலைமையில் சர்க்கார் நியமித்த குழு, இந்நிலத்தின் நீர்நிலைகளை ஆராய ஏற்பட்டது. அதன் அறிக்கை ஒரு வரியும் விடாமல் தமிழில் அச்சாகி, ஒவ்வொரு கிராம சபையிலும் வாசிக்கப்பட வேண்டும். பிறகு நீர்வழியின் வரைபடத்தை முதலில் போட்டு, ஓடுபாதைக்கும் மண்டபத்துக்கும் அதில் இடமுண்டா என்று பார்க்கட்டும். இடமில்லையென்றால் வேறு ஊர் தேடட்டும். அதுவரையில் கம்பன் கால்வாயின் ஒரு மதகைக்கூட எவரும் தொடலாகாது.